ஆறாம் மாதத்தில் எட்டு மணி நேரம் நின்று வேலை: குழந்தைக்கு ஆபத்தா?

இந்த முறை பதில் சொல்ல எடுத்துக்கொண்டது ஒரு நீண்ட கடிதம். பெயரும் வேலை செய்யும் இடமும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வாசகிக்கு வயது 27. முதல் கர்ப்பம், 23 வாரம் முடிந்திருக்கிறது. தொழிற்சாலை ஒன்றில் பொருள்களைச் சரிபார்த்துப் பெட்டியில் அடுக்கும் மேசையில் வேலை செய்கிறார். ஷிப்ட் எட்டு மணி நேரம், நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி, மற்ற நேரம் முழுக்க நின்றபடிதான். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது இரண்டு பாதமும் வீங்கி, செருப்பின் வார் பதிந்து கிடக்கிறது. ஒரு மாதமாக இடுப்பிலும், அடிவயிற்றுக்குக் கீழே எலும்பு சேரும் இடத்திலும் வலி, படி ஏறும்போது அதிகம். போன வாரம் மேசை முன்னால் நிற்கும்போதே கண் இருட்டி, காது அடைத்து, பக்கத்தில் இருந்தவர் பிடித்து உட்கார வைத்திருக்கிறார். வீக்கம் வரக்கூடாது, அடிக்கடி கழிப்பறைக்கும் போகக்கூடாது என்று வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டாராம். கணவர் "வேலையை விட்டுவிட்டுப் படுத்து ஓய்வெடு" என்கிறார். மாமியார் "நின்று வேலை செய்தால்தான் சுகப்பிரசவம் ஆகும்" என்கிறார். சூப்பர்வைசரிடம் நாற்காலி கேட்டதற்கு, டாக்டர் லெட்டர் கொண்டுவா பார்க்கலாம் என்று பதில். "நின்றுகொண்டே இருந்தால் குழந்தை சீக்கிரம் இறங்கிவிடுமா? வேலையை விடுவதுதான் வழியா? இந்தச் சம்பளம் இல்லாமல் எங்களால் சமாளிக்க முடியாது" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை முதலில் கவலைப்பட வைத்தது கால் வீக்கம் இல்லை, மயக்கமும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும்தான். இந்த இரண்டையும் இன்றைக்கே சரிசெய்யத் தொடங்குங்கள். வேலையை விடுவதா வேண்டாமா என்பதை நிதானமாகப் பேசலாம், அதற்கு நேரம் இருக்கிறது.

குழந்தை இறங்கிவிடுமா என்ற பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நிற்பதால் மட்டும் குழந்தை இறங்கிவிடாது. கர்ப்பப்பையின் வாய் கெட்டியாக மூடியிருக்கும்வரை, நீங்கள் நின்றாலும் நடந்தாலும் புவியீர்ப்பு அதைத் திறந்துவிடாது. நாள் முழுக்க நின்று வேலை பார்த்த ஏராளமான பெண்கள் மாதம் நிறைந்து நல்லபடியாகப் பெற்றெடுத்திருக்கிறார்கள். அதற்காக நிற்பதால் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். தினமும் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் நிற்கிற பெண்களை வைத்துப் பல நாடுகளில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. குறைமாதப் பிரசவமும் குழந்தையின் எடை குறைவதும் அவர்களிடம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதாக அவற்றில் சில காட்டுகின்றன. அந்தக் கூடுதல் சிறியது. நிற்பதோடு கனமான சுமை தூக்குவது, இரவு ஷிப்ட், வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேலை எல்லாம் சேரும்போதுதான் கவலை கூடுகிறது. உங்களுக்குப் பகல் ஷிப்டா, பெட்டிகளைத் தூக்கவும் வேண்டியிருக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. தூக்குகிறீர்கள் என்றால் சூப்பர்வைசரிடம் பேசும்போது நாற்காலிக்கும் முன்னால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

சிலருக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறு. கர்ப்பப்பை வாய் குட்டையாக இருக்கிறது என்று ஸ்கேனில் சொல்லப்பட்டவர்கள், வாயில் தையல் போட்டவர்கள், நஞ்சுக்கொடி கீழே இருந்து ரத்தம் பட்டவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், முன்பு குறைமாதத்தில் பிரசவம் ஆனவர்கள், பிரஷர் அதிகம் உள்ளவர்கள், குழந்தையின் வளர்ச்சி குறைவு என்று சொல்லப்பட்டவர்கள். இவர்கள் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதைச் சொந்த டாக்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் சரியாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதை நம்பித்தான் மேலே சொல்கிறேன்.

அந்த மயக்கம் ஏன் வந்தது

கர்ப்பத்தில் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, எட்டாம் மாத வாக்கில் பழைய அளவைவிட 40 முதல் 50 சதவீதம் அதிகமாகிவிடுகிறது. இன்னொரு பக்கம் ஹார்மோன்கள் ரத்தக்குழாய்களைத் தளர்த்திவிடுவதால் பிரஷர் இறங்குகிறது. பெரும்பாலானவர்களுக்கு அது மிகவும் தாழ்ந்திருப்பது 20 முதல் 24 வாரத்துக்குள், அதாவது நீங்கள் இப்போது இருக்கிற கட்டத்தில். வளர்கிற கர்ப்பப்பை வேறு இடுப்புக்குள் இருக்கிற பெரிய ரத்தநாளங்களை அழுத்துகிறது. கீழே இறங்கிய ரத்தம் மேலே ஏறக் கஷ்டப்படுகிறது.

அந்த ரத்தத்தை மேலே தள்ளுவது யார் என்றால், உங்கள் கெண்டைக்கால் தசைதான். அடிபம்பின் கைப்பிடியை அடித்தால்தான் தண்ணீர் ஏறும், சும்மா பிடித்துக்கொண்டு நின்றால் ஏறாது, காலும் அப்படித்தான். நடக்கும்போது அந்தத் தசை ஒவ்வோர் அடிக்கும் சுருங்கி ரத்தத்தைத் தள்ளுகிறது. ஒரே இடத்தில் நின்றால் தள்ளுவதற்கு ஆள் இல்லை. ரத்தம் காலிலேயே தேங்கும், இதயத்துக்குத் திரும்புவது குறையும், மூளைக்குப் போவதும் கொஞ்ச நேரம் குறையும், கண் இருட்டும். இதில் தண்ணீரும் குறைவு, இடமும் புழுக்கம், காலையில் சரியாகச் சாப்பிடவும் இல்லை என்றால் கேட்கவே வேண்டாம்.

இதனால்தான் உங்கள் மாமியார் சொல்வதில் பாதியை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன். நடப்பது நல்லது, சந்தேகமே இல்லை. சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடல் உழைப்பு இருக்கட்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ஆனால் மேசை முன்னால் அசையாமல் நிற்பது அந்தக் கணக்கில் சேராது. அதனால் பிரசவம் சுலபமாகும் என்பதற்கு ஆதாரமும் இல்லை. அவர் அக்கறையில்தான் சொல்கிறார், அவரிடம் வாதாட வேண்டாம், "நடக்கச் சொல்கிறார் டாக்டர், நிற்கத்தான் வேண்டாமாம்" என்று சொல்லுங்கள், போதும்.

மயக்கம் சொல்லாமல் வருவதில்லை. கொட்டாவி, திடீர் வியர்வை, குமட்டல், காது அடைப்பது, பார்வை ஓரங்களில் மங்குவது என்று ஒரு நிமிடம் முன்னாலேயே ஏதாவது தெரியும். தெரிந்த கணமே உட்கார்ந்துவிடுங்கள், நாற்காலி இல்லையென்றால் தரையில். "இந்தப் பெட்டியை மட்டும் முடித்துவிடுகிறேன்" என்று நிற்காதீர்கள். விழுந்து வயிற்றில் அடிபடுவதுதான் இதில் உண்மையான ஆபத்து, பக்கத்தில் இயந்திரம் ஓடுகிறது என்றால் இன்னும் ஆபத்து. முடிந்தால் இடது பக்கம் சாய்ந்து படுங்கள். யாராவது மல்லாக்கப் படுக்க வைத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ஏனென்றால் மல்லாந்து படுக்கும்போது கர்ப்பப்பையின் எடை அந்தப் பெரிய ரத்தநாளத்தின் மேலேயே விழுகிறது. உட்காரச் சில நொடிகள் ஆகும் என்றால், கால்களைப் பின்னிக்கொண்டு தொடையையும் பின்பக்கத்தையும் இறுக்குங்கள், தேங்கிய ரத்தம் கொஞ்சம் மேலே ஏறும். உட்கார இடம் தேடுகிற நேரத்துக்கு மட்டுமே இது. பக்கத்து மேசையில் இருப்பவரிடமும் இதையெல்லாம் இப்போதே சொல்லி வையுங்கள்.

இந்த வாரமே ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்கிறோம். ரத்தசோகை இருந்தால் இந்த மயக்கமும் களைப்பும் இரட்டிப்பாகும். இரும்புச்சத்து மாத்திரையை வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தியிருந்தால் (நிறையப் பேர் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்வதில்லை) அதைச் சொல்லுங்கள், மாற்று மாத்திரை உண்டு. 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனையும் செய்ய வேண்டும் என்பதால் இரண்டையும் ஒரே வருகையில் முடித்துவிடலாம்.

தண்ணீரைக் குறைப்பது தவறு

தண்ணீர் குடித்தால் வீக்கம் கூடும் என்று நினைத்திருக்கிறீர்கள். உங்களைப் போல நினைப்பவர்கள் நிறைய. சாயங்காலம் வீங்குவது நீங்கள் குடித்த தண்ணீர் அதிகமானதால் இல்லை. ரத்தம் காலில் தேங்கி, அதிலிருந்து நீர் சதைக்குள் கசிந்து நிற்பதால்தான் வீக்கம் வருகிறது. குடிப்பதைக் குறைத்தால் வீக்கம் போகாது, பிரஷர் இன்னும் இறங்கும், மயக்கம்தான் வரும். நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள், புழுக்கமான இடம் என்றால் இன்னும் கொஞ்சம். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள் என்று பொருள். வீக்கத்துக்காக உப்பை அடியோடு விடுவதும், யாரோ சொன்னார்கள் என்று நீர் பிரியும் மாத்திரை வாங்கிப் போடுவதும் வேண்டவே வேண்டாம்.

சிறுநீரை அடக்குவது அதைவிட மோசம். கர்ப்பத்தில் சிறுநீர்த் தொற்று சுலபமாக வரும், கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம்வரை ஏறிக் காய்ச்சலும் குறைமாத வலியும் வர அது காரணமாகலாம். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கக் கூச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். கூச்சத்துக்கு இதில் இடமே இல்லை, அம்மா. கூடவே ஒரு லாபமும் இருக்கிறது: கழிப்பறைக்குப் போய்வருகிற அந்த நடைதான் உங்கள் கெண்டைக்காலுக்கு அன்றைய முக்கியமான வேலை.

வேலை மேசையில் என்ன மாற்றலாம்

உடம்புக்கு எல்லாவற்றையும்விட உதவுவது நிலை மாற்றம். மணிக்கு ஒரு முறை ஐந்து பத்து நிமிடம் உட்காருவது, மதிய இடைவேளையில் மட்டும் அரை மணி உட்காருவதைவிட நல்லது. உட்காரும்போது காலைத் தொங்கவிடாமல் இன்னொரு ஸ்டூலின் மேல் வையுங்கள். கால் மேல் கால் போட வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் பாதிக்கு மேல் கால் உயர்ந்தே இருக்கட்டும், சாப்பிட்டபடியே வைத்துக்கொள்ளலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், நினைத்தாலும் பரவாயில்லை.

நின்றே ஆக வேண்டிய நேரத்தில் கால் சும்மா இருக்கக்கூடாது. மேசையை லேசாகப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் மெதுவாகத் தூக்கி இறக்குங்கள், ஒரு தடவைக்கு 15 முதல் 20 முறை. அரை மணிக்கு ஒரு தடவை இதைச் செய்தாலே சாயங்காலக் கால் வேறு மாதிரி இருக்கும். பாதத்தைச் சுழற்றலாம், நின்ற இடத்திலேயே ஓரடி முன்னும் பின்னும் வைக்கலாம். முழங்காலைப் பின்பக்கமாகப் பூட்டி விறைப்பாக நிற்காதீர்கள், துளி மடங்கியே இருக்கட்டும்.

சின்னப் பலகை அல்லது பெட்டியின் மேல் ஒரு காலை மாற்றி மாற்றி வைத்து நிற்கச் சொல்லி எங்கும் படித்திருப்பீர்கள். 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்தில் அப்படி வைத்தால் முதுகின் வளைவு தளரும், முதுகுவலி மட்டும் உள்ளவர்களுக்கு நல்ல யோசனைதான். உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன். நீங்கள் சொல்கிற வலி, அதாவது அடிவயிற்றுக்குக் கீழே எலும்பு சேரும் இடத்தில், படி ஏறும்போதும் ஒரு காலில் எடை போடும்போதும் வருவது, இடுப்பு வளைய வலியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஐந்து கர்ப்பிணிகளில் ஒருவருக்கு வருகிறது. இந்த வலி உள்ளவர்கள் இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு நிற்க வேண்டும், ஒரு காலைத் தூக்கி வைத்தால் வலி கூடும். உடை மாற்றும்போதும் உட்கார்ந்தே காலை நுழையுங்கள். படுக்கையில் திரும்பும்போது இரண்டு முழங்காலையும் சேர்த்து வைத்துத் திரும்புங்கள், இரவில் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. பிசியோதெரபிஸ்ட் ஒருவரை ஒரு முறையாவது பார்த்துவிடுங்கள், அவர் சொல்லித்தருகிற நான்கைந்து பயிற்சி இன்னும் நான்கு மாதத்துக்கு உதவும்.

மேசை உயரமும் முக்கியம். முழங்கையை மடக்கினால் கை வருகிற உயரத்துக்குக் கொஞ்சம் கீழே வேலை நடந்தால் முதுகு குனியாது. வயிறு வளர வளர நீங்கள் மேசையை விட்டுத் தள்ளித் தள்ளி நிற்பீர்கள், கை எட்டுவதற்காக முன்னால் சாய்வீர்கள், முதுகுவலியின் பாதி அங்கேயிருந்து வருகிறது. பொருள்களை உங்கள் பக்கம் நகர்த்திக் கேளுங்கள். திரும்ப வேண்டியிருந்தால் இடுப்பை முறுக்காமல் பாதத்தோடு சேர்ந்து திரும்புங்கள். சிமென்ட் தரை என்றால் காலுக்கடியில் கனமான ரப்பர் விரிப்பு ஒன்று போட்டால் வித்தியாசம் தெரியும். ஆனால் ஓரம் சுருண்டு கால் தட்டாத மாதிரி இருக்க வேண்டும்.

செருப்பு, ஸ்டாக்கிங்ஸ், பெல்ட்

கர்ப்பத்தில் பாதம் கொஞ்சம் நீளும், அகலும், உள்வளைவு தாழும். பழைய அளவு செருப்பு இறுக்குவது வீக்கத்தால் மட்டும் இல்லை. அரை அளவோ ஓர் அளவோ பெரியதாக, விரல் பக்கம் அகலமாக, குதிகாலைப் பிடித்துக்கொள்கிற பட்டையோடு வாங்குங்கள். குதி உயரம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் போதும். காகிதம் போலத் தட்டையான செருப்பும் நல்லதல்ல, ஹீல்ஸும் வேண்டாம். வாங்கப் போவது சாயங்காலமாக இருக்கட்டும், கால் வீங்கியிருக்கிற நேரத்தில் பொருந்துவதுதான் நாள் முழுக்கப் பொருந்தும்.

அழுத்தம் தருகிற ஸ்டாக்கிங்ஸ் உங்களுக்கு நிச்சயம் உதவும். உங்கள் அளவு வீக்கத்துக்கு 15 முதல் 20 என்று குறித்திருக்கிற அழுத்தத்தில், முழங்கால்வரை வருகிறது போதும். நரம்புச் சுருள் புடைத்து வலித்தால் அதைவிட இறுக்கமானது தேவைப்படலாம், அதை டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். பலர் வாங்கி இரண்டு நாளில் தூக்கிப் போடுவதற்குக் காரணம், போடுகிற நேரம் தப்பாக இருப்பதுதான். காலை எழுந்து கால் தரையில் படுவதற்கு முன்பே, படுக்கையிலேயே போட வேண்டும். வீங்கிய பிறகு போட்டால் ஏறவும் ஏறாது, வலிக்கவும் செய்யும். மேல் விளிம்பைச் சுருட்டிவிடாதீர்கள், அது கயிறு கட்டினது மாதிரி ரத்தத்தை நிறுத்திவிடும். இரவில் கழற்றிவிடலாம்.

வயிற்றைத் தாங்குகிற பெல்ட்டை நிற்கிற நேரத்துக்கு மட்டும், சில மணி நேரம் போடலாம். வலி குறைந்தால் போடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

வேலையை விடத்தான் வேண்டுமா

கணவரிடம் இதைக் காட்டுங்கள். படுத்தே இருந்தால் குறைமாதப் பிரசவம் தடுக்கப்படும் என்று ஒரு காலத்தில் நாங்களே நம்பி எழுதிக் கொடுத்ததுதான், ஆனால் அப்படித் தடுப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. மாறாக, படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது, தசை இளைக்கிறது, மனமும் சோர்கிறது. கர்ப்பத்தில் ரத்தம் உறையும் தன்மை ஏற்கெனவே கூடுதல். ஆகவே "வேலையை விட்டுப் படு" என்பது உங்களுக்கு மருத்துவ ரீதியாகத் தேவையான ஆலோசனை இல்லை. உங்கள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்றால், அதை இழக்கிற கவலையும் உடம்பைத் தொடாமல் போகாது. முதலில் வேலையை மாற்றிக் கேட்போம்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். டாக்டர் "லேசான வேலை கொடுக்கவும்" என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்தால், அதை வாங்குகிற நிர்வாகத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்றே தெரியாது, "லேசான வேலை எங்களிடம் இல்லை, லீவில் போங்கள்" என்று சம்பளமில்லாமல் அனுப்பிவிடுகிற இடங்களும் உண்டு. அதனால் உங்கள் டாக்டரிடம் கடிதம் வாங்கும்போது இப்படித் திட்டமாக எழுதித் தரச் சொல்லுங்கள்:

"இவர் தொடர்ந்து வேலை செய்யும் உடல்நிலையில் இருக்கிறார். மணிக்கு ஒரு முறை பத்து நிமிடம் உட்காரவும், மேசை அருகே நாற்காலி வைத்துக்கொண்டு முடிந்த வேலையை உட்கார்ந்து செய்யவும், தேவைப்படும்போது தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்குச் செல்லவும் அனுமதிக்க வேண்டும். சுமை தூக்கும் வேலை தர வேண்டாம். நின்ற நிலையில் ஒரு முறை மயக்கம் வந்திருக்கிறது."

முதல் வரி கட்டாயம் இருக்கட்டும், வேலையை விட்டு அனுப்ப அது காரணம் தராது. கடைசி வரியும் இருக்கட்டும், தெரிந்தும் உட்காரவிடாமல் நிற்க வைத்தோம் என்ற பொறுப்பை எந்த நிர்வாகமும் விரும்பாது. கூடவே நீங்களும் ஒரு பக்கக் கடிதம் எழுதி, தேதி போட்டு, இரண்டையும் சூப்பர்வைசரிடம் மட்டும் தராமல் மனிதவளப் பிரிவுக்கும் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை நீங்கள் வாயால்தான் சொல்லியிருக்கிறீர்கள், அது எங்கேயும் பதிவாகியிருக்காது.

நான் வக்கீல் இல்லை, அதனால் உரிமை பற்றிப் பொதுவான ஒன்றை மட்டும் சொல்கிறேன். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2000ஆம் ஆண்டில் கொண்டுவந்த மகப்பேறு பாதுகாப்பு ஒப்பந்தம், எண் 183, தாய்க்கோ குழந்தைக்கோ கெடுதல் என்று தெரிகிற வேலையைக் கர்ப்பிணியிடம் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்குவதையும் தடுக்கிறது. அதோடு சேர்ந்த 191ஆம் பரிந்துரை இன்னும் தெளிவாக, நீண்ட நேரம் நிற்பதையும் நீண்ட நேரம் உட்கார்ந்தே இருப்பதையும் சுமை தூக்குவதையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, வேலையின் தன்மையை மாற்ற வேண்டும், முடியாவிட்டால் சம்பளம் குறையாமல் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும், அதுவும் முடியாவிட்டால் சம்பளத்துடன் விடுப்பு தர வேண்டும் என்று வரிசை சொல்கிறது. எல்லா நாடுகளும் இதை ஏற்கவில்லை, ஏற்காத பல நாடுகளிலும் இதைப் போன்ற சட்டம் தனியாக இருக்கிறது. உங்கள் இடத்தில் எது பொருந்தும் என்பதைத் தொழிற்சங்கத்திலோ தொழிலாளர் துறை அலுவலகத்திலோ கேட்டுவிடுங்கள். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: கோபத்திலோ அசதியிலோ யாராவது நீட்டுகிற ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மகப்பேறு விடுப்புச் சம்பளம் வேலையில் இருப்பவருக்குத்தான்.

இவ்வளவும் கேட்டுப் பார்த்து, எழுதிக் கொடுத்து, அப்படியும் உட்கார விடவில்லை, மயக்கம் மறுபடி வருகிறது என்றால் அப்போது கதை வேறு. விடுப்பை முன்கூட்டியே தொடங்கலாமா, குறைந்த நேர ஷிப்ட் கிடைக்குமா என்று பார்க்க வேண்டியதுதான், அதற்கு மருத்துவச் சான்று தர உங்கள் டாக்டர் மறுக்க மாட்டார். இப்போது தாங்குகிற வேலை 30 வாரத்துக்குப் பிறகு தாங்காமலும் போகலாம், அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு பரிசோதனையிலும் புதிதாகக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஷிப்ட் முடியும்வரை காத்திருக்கக் கூடாதவை

இரண்டு காலும் ஒரே அளவில் வீங்கி, இரவு படுத்து எழுந்தால் வடிகிற வீக்கம் சாதாரணம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் இருந்தால் அது ரத்தம் உறைந்ததாக இருக்கலாம், கர்ப்பத்தில் பெரும்பாலும் இடது காலில்தான் வருகிறது. அன்றைக்கே காட்டுங்கள், காலைத் தேய்த்துவிடாதீர்கள். அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் நேராக அவசர சிகிச்சைக்கு.

முகமும் கைகளும் திடீரென்று வீங்குவது, விடாத தலைவலி, கண்ணில் மின்னல் போலத் தெரிவது அல்லது பார்வை மங்குவது, வலது விலாவுக்குக் கீழே வலி. 20 வாரத்துக்குப் பிறகு இவற்றில் எது வந்தாலும் உடனே பிரஷர் பார்க்க வேண்டும். 140க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் வீட்டுக்குத் திரும்பாமல் டாக்டரைப் பாருங்கள்.

ரத்தப்போக்கு, தண்ணீர் போல ஒழுகுவது, உண்மையிலேயே நினைவு தப்பி விழுவது, வயிற்றில் அடிபடுவது, காய்ச்சலோடு சிறுநீர் எரிச்சல், இவை எதற்கும் காத்திருக்க வேண்டாம்.

களைத்துப்போன நாளில் வயிறு கல் மாதிரி இறுகி இறுகி விடலாம். உட்கார்ந்து, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து, இடது பக்கம் சாய்ந்து படுத்தால் அடங்கிவிடும். அடங்காமல் சீரான இடைவெளியில் வந்துகொண்டே இருந்தால், அல்லது கீழ்முதுகில் விட்டு விட்டு வலித்தால், 37 வாரத்துக்கு முன் அது குறைமாத வலியாக இருக்கலாம், கிளம்பிவிடுங்கள்.

குழந்தையின் அசைவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேலையில் இருக்கும்போது அவ்வளவாகத் தெரிவதில்லை என்பது இயல்புதான், உங்கள் கவனம் கையில் இருக்கும். வீட்டுக்கு வந்து பக்கவாட்டில் படுத்ததும் தெரிய ஆரம்பிக்கும். இன்னும் சில வாரத்தில், 28 வாரத்துக்குப் பிறகு, அதற்கென்று ஒரு வழக்கமான போக்கு அமைந்துவிடும். அந்தப் போக்கு குறைந்ததாகத் தோன்றினால் காலை வரட்டும் என்று இருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் பேசுங்கள், நள்ளிரவாக இருந்தாலும் சரி.

நாளைக்குச் செய்ய வேண்டியவை இவ்வளவுதான்: மேசையில் தண்ணீர் பாட்டில், பக்கத்து மேசைக்காரரிடம் ஒரு வார்த்தை, டாக்டரிடம் நேரம். கடிதத்துக்கான அந்த வாசகத்தை இந்தப் பதிலிலிருந்தே எடுத்து டாக்டரிடம் காட்டலாம், உங்கள் நிலைமைக்கு ஏற்ப அவர் திருத்திக் கையெழுத்திடட்டும். நிர்வாகம் என்ன சொன்னது என்பதை எழுதுங்கள், மறுத்திருந்தால் மறுத்த காரணத்தையும் அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள், அடுத்து என்ன கேட்கலாம் என்று பார்ப்போம்.